நாலாவது கட்டு

தணிகாசலத்துக்கு ஒரு நாளைக்கு ஒருவர் மீதாவது சந்தேகம் வந்தாக வேண்டும். பால் பாக்கெட் சீக்கிரம் வந்தால் பால்காரனுக்கு என்ன அவசரம் என்று யோசிப்பார். தாமதமாக வந்தால் வேறு மாதிரி யோசிப்பார். சமீபத்தில் வந்த ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மனைவி கன்னிகா ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தபோது, "இன்னா விஷயம், எதுனா ஒடச்சிட்டியா?" என்று கேட்ட மனிதர் அவர். பாவம் அந்த அம்மாள், அன்றைக்குச் செய்த பாயசத்தைத் தானே குடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

இப்படிப்பட்டவர்தான் திருப்பதி சேஷாத்ரி எஃப்.சி.யின் கோச். சம்பளத்துக்கு ஆடும் கிளப். ராயலசீமா லீக்கில் மொத்தம் எட்டு அணி, அதில் கடைசியாக வரும் அணி இரண்டாம் டிவிஷனுக்குப் போய்விடும். அங்கே போனால் ஸ்பான்சரும் கிடையாது, மைதானத்துக்கு ஆளும் வராது. சேஷாத்ரி ஏழாவது இடத்தில் இருந்தது. எட்டாவது இடத்தில், ஒரே ஒரு புள்ளி பின்னால், சித்தூர் நீவா எஃப்.சி. கடைசி ஆட்டம் இந்த இரண்டு அணிக்கும் நடுவில், அதுவும் சித்தூரில். டிரா செய்தால் சேஷாத்ரி பிழைத்துக்கொள்ளும். தோற்றால் போயே போச்சு.

இந்த இரண்டு கிளப்பும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதைச் சொல்லியாக வேண்டும். முன்னே இது 'ஜில்லா யுனைடெட்' என்று ஒரே கிளப்பாக இருந்தது. சித்தூர் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டம் ஆக்கியபோது, கிளப்பையும் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் கோப்பைகள் எல்லாம் சித்தூருக்குப் போயின. பஸ் திருப்பதிக்கு வந்தது. சரித்திரத்தை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு அணியின் பனியனிலும் 'தொடக்கம் 1974' என்றுதான் போட்டிருக்கும். எது அசல் என்று டீக்கடையில் கேட்டால் டீ ஆறிப்போகும், பதில் கிடைக்காது.

அந்தச் சரித்திரத்தில் தணிகாசலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. புத்தூர்க்காரர், இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஜில்லா யுனைடெட்டின் தடுப்பாட்டக்காரர். ஒரு ஃபைனலில் கோல்கீப்பர் வெங்கடரமணன், அவருடைய உயிர்த் தோழன், நேராக வந்த பந்தைக் கை நழுவ விட்டான். ஜில்லா யுனைடெட் தோற்றது. அடுத்த வருஷம் வெங்கடரமணன் பஜாரில் கடை வைத்தான். இது போதாதா? "வாங்கிட்டான்" என்று ஊர் பேசியது. கோல் வாங்குவதற்கும் அதே வார்த்தை, கை நீட்டி வாங்குவதற்கும் அதே வார்த்தை. தணிகாசலம் அன்றைக்கு அவனோடு பேச்சை நிறுத்தியவர், இன்றுவரை பேசவில்லை. அவனுடைய கல்யாணப் பத்திரிகை வந்தது, போகவில்லை.

அதற்குப் பிறகு கோல்கீப்பர் என்ற ஜாதியையே அவர் நம்பியது கிடையாது.

இப்போதைய கீப்பர் கோகுலகிருஷ்ணன். லீக்கிலேயே நல்ல கை அவனுடையது. அவன் இல்லாவிட்டால் சேஷாத்ரி எப்போதோ எட்டாவது இடத்துக்குப் போயிருக்கும். ஆனால் அவன் ஊர் கங்காதர நெல்லூர். மாவட்டம் பிரிந்தபோது அந்த ஊர் சித்தூர்ப் பக்கம் நின்றுவிட்டது. அது அவன் செய்த குற்றமா என்று கேட்டால் தணிகாசலம் ஒப்புக்கொள்வார், குற்றமில்லைதான். இருந்தாலும் மனசின் ஓரத்தில் அதை ஒரு முடிச்சாகப் போட்டு வைத்திருந்தார். போதாக்குறைக்கு அவனுடைய தாய்மாமன் மாசிலாமணி நீவா கிளப்பின் மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலையில் இருந்தார். கேட்க வேண்டுமா?

கடைசி ஆட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கோகுலின் போக்கு மாறியது. வாரத்தில் ஒரு நாள், பயிற்சி முடிந்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு எங்கேயோ பறந்துவிடுவான். எங்கே என்று கேட்டால், "சொந்த வேல சார்" என்பான். முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டான், தன் ஷூவைப் பார்த்துச் சொல்வான். தணிகாசலமும் அந்த ஷூவைப் பார்த்தார். புது ஷூ.

இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. கோகுலுக்கு அடுத்த கீப்பர் சீனு, திருப்பதிப் பையன், வீட்டில் தெலுங்கு, கிளப்பில் பாதித் தமிழ். இந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்து தேய்ந்தவன். அவனுடைய ஒப்பந்தம் கடைசி ஆட்டத்தோடு முடிகிறது. அப்படிப்பட்ட பையனுக்குக் கையால் பந்து பிடிக்கும் பயிற்சி கொடுக்க விடாமல் கோகுல் குறுக்கே விழுந்துகொண்டிருந்தான்.

"சார், இன்னிக்கு சீனுவுக்குக் கால் பயிற்சி குடுங்க. அவன் கிக் சரியில்ல."

"நேத்தும் அதானே குடுத்தோம்?"

"இன்னிக்கும் குடுங்க சார். டைவ் எல்லாம் நான் அடிக்கிறேன்."

சீனுவும் தலையை ஆட்டிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் முழுக்கைப் பனியனோடு ஓரமாகப் போய்ப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். அடுத்தவன் வளர்ந்துவிடக் கூடாது என்று அமுக்குகிறான் என்று தணிகாசலம் நினைத்தார். தனக்குப் பதிலாக ஒருத்தன் தயாராக இருந்தால் கோகுலுக்கு என்ன நஷ்டம்? கடைசி ஆட்டத்தில் தானே நிற்க வேண்டும் என்று ஏன் இப்படித் துடிக்கிறான்?

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது, அல்லது கிடைத்ததாக அவர் எடுத்துக்கொண்டார். உடை மாற்றும் அறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. அதற்கு அந்தப் பக்கம் நின்று கோகுல் போனில் பேசிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் முகம் கழுவ வந்த தணிகாசலம் குழாயைத் திறக்காமலே நின்றார்.

"மூணு கட்டு ஆயிடுச்சி மாமா... ஆமா, நாலாவது கட்டு பாக்கி கீது. ஆட்டம் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்... நீ அங்கியே வெளிய நில்லு, நான் வந்துடறேன்... அய்யோ, கோச்சுக்கா? கோச்சுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான், கத முடிஞ்சிது."

மூன்று கட்டு கை மாறிவிட்டது. நாலாவது ஆட்டம் முடிந்த பிறகு. பேசியது யாரிடம்? நீவா மைதானத்தில் வேலை பார்க்கும் மாமனிடம். தணிகாசலத்துக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பணத்தைக் கட்டு என்றுதானே சொல்வார்கள்? பந்தயத்தையும் கட்டுவது என்றுதானே சொல்வார்கள்? வெங்கடரமணன் முகம் கண் முன்னால் வந்தது. அன்றைக்கு ஏமாந்தது அறியாத வயசு. இன்றைக்கும் ஏமாந்தால் அதற்குப் பேர் என்ன என்று தன்னையே திட்டிக்கொண்டார். குழாயைத் திறக்காமலே திரும்பி நடந்தார்.

வீட்டில் சாப்பாட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தவரைக் கன்னிகா பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்டுக் கேட்டு விஷயத்தை வெளியே எடுத்தாள்.

"அந்தப் பையன நேரா கேட்டுடேன்யா. கட்டு கட்டுன்னியே, அது இன்னா கட்டுன்னு."

"கேட்டா சொல்லிடுவானா? உஷாராயிடுவான்."

"அப்ப பிரெசிடென்ட்டு காதுல போடு."

"சாட்சி இல்லாம எப்டி போடறது? நாளைக்கு அந்தாளே என்னிய சந்தேகப்படுவான்."

"உனக்கு உன்ன மாதிரியே ஊர்ல எல்லாரும்னு நெனப்பு," என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. பழைய ஜில்லா யுனைடெட் பஸ்ஸில் அணி சித்தூருக்குக் கிளம்பியது. வழியெல்லாம் தணிகாசலம் ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்னால் மாட்டியிருந்த கண்ணாடியில் கோகுலையே பார்த்துக்கொண்டு வந்தார். கோகுலும் சீனுவும் கடைசி சீட்டில் தலையோடு தலை வைத்துக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். இவனையும் இழுத்துவிட்டானோ என்று ஒரு கணம் தோன்றியது. சேச்சே, ஒரு ஆட்டம்கூட ஆடாதவனை இழுத்து என்ன செய்வான் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மைதானத்துக்கு வெளியே ஆட்டோ ஒன்றின் பக்கத்தில் மாமன் மாசிலாமணி நின்றிருந்தார். பஸ்ஸைப் பார்த்ததும் கோகுலுக்குக் கையால் ஏதோ ஜாடை காட்டினார். தணிகாசலத்துக்கு அது போதும்.

உடை மாற்றும் அறையில் ஆடப்போகிற பதினோரு பேரின் பெயரை வாசித்தார். "கோல்ல இன்னிக்கு சீனு."

சீனு எழுந்து நின்றான். முகம் வெளுத்துவிட்டது. பிறகு, எங்கிருந்தோ ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "ரெடி சார்" என்றான். சீசன் முழுக்கப் பெஞ்சில் இருந்தவனுக்குக் கடைசி நாளில் கிடைத்த ஒரே ஆட்டம், அடுத்த வருஷத்து ஒப்பந்தத்துக்கு அது ஒன்றுதான் வழி. அவன் வேறு என்ன சொல்வான்?

பதறியது கோகுல்தான். தணிகாசலத்தைத் தாழ்வாரத்துக்குத் துரத்திக்கொண்டு வந்தான்.

"சார், அவன் வேணாம் சார். என்னியே நிக்க வைங்க."

"ஏன்?"

"வேணாம் சார். சொன்னா கேளுங்க."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

கோகுல் அறைக்குள் திரும்பிப் பார்த்தான். உள்ளே சீனு கையுறையை மாட்டிக்கொண்டே, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டல் தணிகாசலம் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கோகுல் மறுபடியும் தன் ஷூவைப் பார்த்ததுதான்.

"இந்த ஒரு ஆட்டம் நான் நின்னே ஆகணும் சார்," என்றான் கோகுல்.

"நின்னே ஆகணுமா? யாருக்கு வாக்கு குடுத்துக்கினு வந்தே?"

கோகுலுக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி நடிக்கிறான் என்று தணிகாசலம் நினைத்தார். "போய் பெஞ்ச்ல உக்காரு," என்று சொல்லிவிட்டு நடந்தார். உள்ளுக்குள் ஒரு திருப்தி கூட வந்தது. இந்தத் தடவை பந்து நழுவுவதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டேன் என்று நினைத்தார்.

ஆட்டம் தொடங்கியது. சித்தூர்க்காரர்கள் ஒரு பக்கம் தப்பட்டை அடிக்க, திருப்பதியிலிருந்து வந்தவர்கள் மறுபக்கம் விசில் ஊத, இரண்டு 1974-களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. முதல் பாதியில் கோல் இல்லை. சேஷாத்ரியின் தடுப்பாட்டம் அன்றைக்கு நன்றாக இருந்தது. சீனுவுக்கு அதிக வேலை வரவில்லை. வந்த இரண்டொரு பந்தையும் அவன் கையால் எடுக்காமல் முன்னால் ஓடிவந்து காலால் உதைத்துத் தள்ளினான். "நல்லா படிச்சிருக்கான் கால் பயிற்சிய," என்று பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். கோகுல் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் முட்டிக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு, சீனுவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். தணிகாசலம் கோகுலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முகத்தில் இருந்த தவிப்பை, நாலாவது கட்டு கையை விட்டுப் போகிற தவிப்பு என்று கணக்குப் போட்டார்.

இரண்டாவது பாதியும் முடியப்போகிற நேரம். கோல் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினால் போதும், சேஷாத்ரி ஏழாவது இடத்தில் மிஞ்சிவிடும். அப்போது நீவாவின் ஆள் ஒருவன் தூரத்திலிருந்து, வேறு வழி தெரியாமல், சும்மா ஒரு உதை விட்டான். வேகமும் இல்லை, திருப்பமும் இல்லை. நேராக சீனுவின் மார்புக்கு வந்தது. காலால் உதைக்க முடியாத உயரம். சீனு இரண்டு கைகளையும் நீட்டினான்.

பந்து பட்டது. இடது கை மணிக்கட்டோடு பின்னால் மடங்கியது. பந்து அவன் கையைத் தாண்டி, தோளில் உரசி, கோட்டுக்கு அந்தப் பக்கம் மெதுவாக உருண்டு போய் நின்றது.

தப்பட்டை சத்தத்தில் தணிகாசலத்துக்கு எதுவும் கேட்கவில்லை. மனசில் ஒன்றே ஒன்று ஓடியது: இவனுமா? இவனும் வாங்கிட்டானா?

அடுத்த சில நிமிஷங்களில் நடுவர் விசில் ஊதிவிட்டார். சேஷாத்ரி எட்டாவது இடம். இரண்டாம் டிவிஷன். தணிகாசலம் கோலை நோக்கி நடந்தார், நடையா ஓட்டமா என்று அவருக்கே தெரியாது. சட்டையைப் பிடித்து உலுக்குகிற கோபத்தோடுதான் போனார். அவருக்கு முன்னால் கோகுல் போய்ச் சேர்ந்திருந்தான். சீனு கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அழுதுகொண்டிருந்தான். கோகுல் அவன் கையுறையை விரல் விரலாகக் கழற்றினான்.

கையுறை வந்தது. கூடவே ஒரு வாசனை வந்தது. பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் துணியில் காய்ந்த வாசனை. புத்தூரில் பிறந்தவனுக்கு அந்த வாசனையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மைதானத்தில் விழுந்து எழுந்த ஒவ்வொரு வயசிலும் தணிகாசலம் அந்த வாசனையோடுதான் வீட்டுக்குப் போயிருக்கிறார். சீனுவின் மணிக்கட்டு முழுக்கப் பச்சைக் கறை. காலையில்தான் பிரித்திருக்கிறான். மூங்கில் பத்தை அழுத்திய தடம் இன்னும் போகவில்லை.

"மெதுவாடா, மெதுவா," என்றான் கோகுல். "மாமா வெளிய ஆட்டோ வெச்சிக்கினு கீறாரு. நேரா புத்தூர் போய் நாலாவது கட்ட கட்டிக்கலாம். ஒண்ணும் ஆவாது."

தணிகாசலம் நின்ற இடத்திலேயே நின்றார். உலகத்தில் எங்கெங்கிருந்தோ எலும்பு முறிந்தவர்கள் கட்டு போட்டுக்கொள்ளத் தேடி வருகிற ஊரில் பிறந்துவிட்டு, கட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் பணம் என்று நினைத்த ஒரே புத்தூர்க்காரன் அவராகத்தான் இருக்கும். ஊரில் எல்லார் மீதும் சந்தேகப்பட்டவர், வெயிலில் போட்டிருந்த அந்த முழுக்கைப் பனியன் மீது மட்டும் சந்தேகப்படவில்லை.

"ஏண்டா சொல்லல?" என்றார்.

கோகுல் நிமிர்ந்து பார்த்தான். முதல் முறையாக, முகத்துக்கு நேராகப் பார்த்தான். "என் ஷாட்டுல ஒடஞ்ச கை சார் அது. வெளிய சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அதுக்கு மேல எப்டி சார் சொல்றது? அவன் வேணாம்னு சொன்னேன். நான் நிக்கறேன்னு சொன்னேன். நீங்கதான் கேக்கல."

சீனு நல்ல கையால் தணிகாசலத்தின் காலைப் பிடித்தான். "எவரிக்கீ செப்பொத்து சார்," என்று தெலுங்கில் கெஞ்சினான். யாருக்கும் சொல்லாதீர்கள். "கை போச்சின்னு தெரிஞ்சா ஒப்பந்தம் போடமாட்டாங்க சார். மூணு வாரத்துல சரியாயிடும் சார்."

"சொல்லமாட்டேன்," என்றார் தணிகாசலம்.

மாசிலாமணியும் கோகுலும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துச் சீனுவை ஆட்டோவில் ஏற்றினார்கள். போகிறபோது மாசிலாமணி தணிகாசலத்தைப் பார்த்து, புத்தூரில் தெரிந்த வைத்தியர்தான், பயப்பட வேண்டாம் என்று சொல்லி ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு தணிகாசலத்துக்கு அடி விழுந்த மாதிரி வலித்தது. வெங்கடரமணன் ஞாபகம் வந்தது. அந்த ஃபைனலில் பந்து நழுவியபோது, அவன் கையை யாராவது பார்த்தார்களா? அவராவது பார்த்தாரா? இருபத்தைந்து வருஷம் கழித்து இப்போது கேட்டால் அந்தக் கை என்ன சொல்லும்? பஜாரில் அந்தக் கடை இருக்கிறதா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

பஸ்ஸுக்கு வந்தபோது திருப்பதிக்காரர்கள் கூட்டமாகச் சூழ்ந்து நின்றார்கள். நேற்றுவரை கோச், கோச் என்று கூப்பிட்டவர்கள்தான்.

"லீக்குலயே பெஸ்ட்டு கீப்பர பெஞ்ச்ல உக்கார வெச்சிட்டு, ஒரு ஆட்டம் ஆடாதவன நிக்க வெக்கறியே, இது இன்னா கணக்கு?"

"கணக்கு தெரியாமலா வெப்பாரு? எல்லாம் பேசி முடிச்ச கணக்கு."

பின்னாலிருந்து ஒரு குரல், நல்ல தெளிவாக வந்தது. "எத்தன கட்டு சார்?"

கூட்டம் சிரித்தது. தணிகாசலத்தின் கால் படியிலேயே நின்றுவிட்டது. திரும்பிச் சொல்லிவிடலாம். ஒரே வரி. பையனுக்குக் கை முறிந்திருந்தது, எனக்குத் தெரியாது. சொன்னால் இவர் தப்பிப்பார். சீனு போய்விடுவான். வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டு உள்ளே ஏறினார்.

உள்ளே கிளப் பிரெசிடென்ட் பூவராகவன் முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. திருப்பதியில் மூன்று லாட்ஜ் நடத்துகிற மனிதர், கோபத்தை எல்லாம் வேலைக்காரர்களிடம் விட்டுவிடுவார்.

"கோகுல ஏன் தணிகாசலம் உக்கார வெச்சே?"

"என் முடிவு சார்."

"அதான் கேக்கறேன். ஏன்?"

தணிகாசலம் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். "சொந்த முடிவு சார்," என்றார்.

பூவராகவனின் பார்வை தணிகாசலத்தின் முகத்திலிருந்து சட்டைக்கு வந்து, சட்டையிலிருந்து கைக்கு இறங்கி, அங்கேயே நின்றது.

"புது வாட்ச் கட்டிக்கினு கீறே போல," என்றார். "எப்போ வாங்கினே?"